நிற்க வை, படுக்க வை

பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் அருகே அமைந்த கோட்டைக்குப்பம், கூனங்குப்பம் முதலிய மீனவக் கிராமங்களில் விடியற்காலையில் நடக்கும் காரியங்களைக் கூர்ந்து நோக்கினால், அவற்றுள் பெரும்பாலானவை ஒரு வஸ்துவை ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்குக் கொண்டு சேர்ப்பனவே என்பது புலப்படும். வலையைப் படகில் ஏற்றுவதும், இறாலைக் கூடையில் கொட்டுவதும், கூடையைத் தலைக்குத் தூக்கிவிடுவதும், கழியைச் சேற்றில் ஊன்றுவதும் கைக்குச் சாதாரணமான தொழில்களாயினும், அவற்றைச் சொல்லால் பாகுபடுத்தும் முறை பாஷைக்குப் பாஷை வேறுபடுவது மொழியாராய்ச்சியின் மிக ரசமான விஷயங்களுள் ஒன்றாகும்.

ஆங்கிலத்தில் 'புட்' என்ற ஒரே வினை, பெட்டிக்குள் இடுவதற்கும், பலகைமேல் வைப்பதற்கும், சட்டை அணிவதற்கும்கூடப் பயன்பட்டு, எங்கே, எவ்வாறு என்ற விவரங்களைத் தன்னோடு சேர்ந்து வரும் சிறு சொற்களின் பொறுப்பில் விட்டுவிடுகிறது. 'பிரிங்', 'டேக்' என்னும் இரண்டோ, பொருள் செல்லும் திசையோடு, பேசுவோரும் கேட்போரும் இருக்கும் ஸ்தானத்தையும் உணர்த்துவன. இவ்வகைச் சொற்களின் இயல்பை அமெரிக்க அறிஞர் சார்லஸ் ஃபில்மோர் 1971-இல் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் விரிவாக ஆராய்ந்தார். கரையில் நிற்கும் தாய், படகிலிருக்கும் மகனிடம் "கூடையைக் கொண்டா" என்றும், ஏலம் நடக்குமிடத்துக்கு அனுப்புகையில் "கொண்டு போ" என்றும் சொல்வதில் அதே சூக்ஷ்மம் அமைந்திருக்கிறது. தா, வா என்னும் வினைகள் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன, செல், கொடு என்பவை படர்க்கைக்கு உரியன என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்துவைத்ததை நினைக்கும்போது, பெயர்ச்சியைச் சொல்லும் வினைக்குள் பேசுவோர் நிலையும் அடங்கியிருப்பதைத் தமிழ் இலக்கணம் எவ்வளவு தொன்மையிலேயே கண்டுகொண்டது என்று வியக்கிறோம்.

டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிச் சோழமண்டலக் கரை வியாபாரத்துக்குத் தலைமையிடமாக்கிக்கொண்ட ஊர் இப்பழவேற்காடு. தமிழும் டச்சும் துறைமுகத்தில் அருகருகே ஒலித்த அக்காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழிந்தபின், அவ்விரு பாஷைகளையும் விஞ்ஞானம் மீண்டும் ஒருங்கே வைத்துப் பார்த்தது. புவனா நரசிம்மன், மரியான் குல்பெர்க் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், பொருளை நிமிர்த்தி வைப்பதையும் கிடத்தி வைப்பதையும் குழந்தைகள் எவ்வாறு சொல்கிறார்கள் என்று சோதித்து, 2011-இல் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். தமிழர் பெரும்பாலும் 'வை' என்ற பொதுச்சொல்லோடு நின்றுவிட்டு, பொருளின் நிலையை வற்புறுத்த வேண்டியபோது மட்டுமே 'நிற்க வை', 'படுக்க வை' என்கிறார்கள். டச்சுக்காரரோ 'ஸெட்டன்', 'லெக்கன்' என்னும் தனித்தனி வினைகளை அன்றாடம் வழங்குகிறார்கள். ஆயினும் தட்டு கிடையாக இருந்தாலும் அதற்கு அடிப்பாகம் உண்டு என்பதால் அதை 'நிற்பதாகவே' சொல்வது அவர்கள் வழக்கம்.

அடிக்கடி கேட்கும் சொல்லையே குழந்தை முதலில் திருத்தமாகக் கற்கும் என்று நாம் எண்ணுவது இயல்பு. ஆனால் டச்சுக் குழந்தைகள் ஓயாது கேட்ட வினைகளை ஐந்து வயதிலும் தவறாகப் பிரயோகிக்க, தமிழ்க் குழந்தைகளோ அபூர்வமாகவே கேட்ட தொடர்களை நான்கு வயதிலேயே பிழையின்றிக் கையாண்டார்கள். நிற்றல் ஒன்று, நிற்கும்படி செய்தல் ஒன்று என்று பொருளின் இரு கூறுகளும் வெளிப்படையாகத் தெரியும் சொல்லைக் குழந்தையின் அறிவு எளிதில் பற்றிக்கொள்கிறது. கூறுகள் மறைந்து ஒன்றிப்போன சொல்லையோ எத்தனை முறை கேட்டாலும் தன் அனுபவத்தால் ஊகித்தே அறியவேண்டியிருக்கிறது.

இவ்வுண்மை குழந்தைகளோடு முடிவதன்று. நம் மாணவர்களுக்கு விஞ்ஞானக் கலைச்சொற்களை ஆக்கித்தரும் அறிஞர்கள், சொல்லின் உறுப்புகள் கேட்ட மாத்திரத்தில் பொருளைக் காட்டும்படி அமைப்பார்களாயின், புதிய துறைகளும் 'நிற்க வை' என்பதைப்போல் எளிதாய் மனத்தில் பதியும். அந்த வசதி தமிழின் இயற்கையிலேயே இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது நமக்கு நஷ்டமேயாகும்.