ஒரே மெஷின், இரண்டு சம்பளம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரே லேத்தில் பகல் ஷிஃப்ட் பார்ப்பவரும் இரவு ஷிஃப்ட் பார்ப்பவரும் ஒரே சம்பளம் வாங்குவார்கள் என்று சொல்ல முடியாது. இருவரும் ஐ.டி.ஐ. முடித்தவர்களாக இருக்கலாம், செய்வது ஒரே பார்ட்டாக இருக்கலாம். ஆனால் ஒருவர் பர்மனன்ட். அவருடைய சம்பளம் சங்கமும் நிர்வாகமும் போடும் ஊதிய ஒப்பந்தத்தில் முடிவாகிறது. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, இன்கிரிமென்ட் எல்லாம் அதில் வரும். இன்னொருவர் கான்ட்ராக்ட். குறைந்தபட்சக் கூலியை ஒட்டி ஒரு தொகை, அதில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போக மீதி.

இந்தப் பகுதி இப்படித் தொடங்கவில்லை. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடுதான் ‘சோஷலிச பாணி சமுதாயம்’ என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆறே ஆண்டுகளில் அதே ஆவடிக்குக் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பக்கத்துப் பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918இல் வாடியாவும் திரு.வி.க.வும் தலைமையேற்று நடத்திய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் அனுபவமும் இந்த வட்டாரத்துக்கு இருந்தது. ஆலைச் சம்பளத்தை நம்பிக் கொரட்டூரிலும் திருமுல்லைவாயிலிலும் மனை வாங்கி வீடு கட்டிய ஒரு தலைமுறை அப்படித்தான் உருவானது.

அந்த நிலை பிறகு சரிந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1950களில் அங்கே மூன்றில் ஒரு தொழிலாளி சங்கத்தில் இருந்தார். இன்று ஏறத்தாழ பத்தில் ஒருவர். கூட்டாட்சி அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர் என்று 2009இல் நிர்ணயித்தது, அப்படியே நிற்கிறது.

இங்கே சட்டத்துக்குக் குறைவில்லை. 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழகத்தின் 1981ஆம் ஆண்டுச் சட்டம். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று ஒப்பந்தத் தொழிலாளர் மத்திய விதிகள் 1971லேயே சொல்லிவிட்டன. ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கணக்கு 480ஐ நெருங்கும்போது கான்ட்ராக்டர் பெயர் மாறும். கழுத்தில் தொங்கும் அட்டை புதிது, சேர்ந்த தேதி புதிது. ஆளும் மெஷினும் பழையவை. போதாக்குறைக்கு, கான்ட்ராக்ட் முறை ஒழிக்கப்பட்டாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் ‘செயில்’ (அரசின் உருக்கு நிறுவனம்) வழக்கில் தீர்ப்பளித்தது.

தட்டிக் கேட்கும் பொறுப்பைத் தொழிலாளியின் தலையிலேயே கட்டியிருப்பதுதான் பெரிய அநியாயம். புகார் கொடுத்தவரை மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிட்டால் அவர் யாரிடம் போவார்? தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் தாமாகவே வந்து ரிஜிஸ்டரைப் புரட்ட வேண்டும். சேர்ந்து நின்றால் அரசு இறங்கி வரும் என்பதையும் பார்த்தோம்: 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட மசோதா 2023 ஏப்ரல் 21இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது.

கான்ட்ராக்டில் இருப்பவர்கள் சம்பளச் சீட்டு, பழைய அடையாள அட்டை எதையும் தூக்கிப் போட வேண்டாம். கான்ட்ராக்டர் எத்தனை முறை மாறினாலும் பி.எஃப். கணக்குக்கான நிரந்தர எண் (யு.ஏ.என்.) மாறாது, எந்த மாதம் யார் பெயரில் பணம் கட்டினார்கள் என்று பாஸ்புக்கில் வரிசையாக இருக்கும். 480 நாளை நிரூபிக்க அது உதவும்.