குழந்தைகளோடு கோடையில் தஞ்சை: வெயிலையும் தண்ணீரையும் பார்த்துப் புறப்படுங்கள்

மே மாதம், பகல் பன்னிரண்டு மணி. பெரிய கோயில் கல் தரையில் ஒரு குழந்தை ஒற்றைக் காலில் துள்ளுகிறது. "அம்மா, கால் சுடுது, தூக்கு!" அம்மாவின் இடுப்பில் ஏற்கெனவே கைக்குழந்தை. அப்பாவோ செல்பேசியில் அடுத்த இடத்துக்கு வழி பார்த்துக்கொண்டிருக்கிறார். "இன்னும் மூணு இடம் பாக்கி, சீக்கிரம் வா" என்கிறார்.

தஞ்சாவூர்க்காரர்கள் ஒவ்வொரு கோடையிலும் பார்க்கும் காட்சி இது. இதில் இடத்தின் மேல் குற்றமில்லை, போன நேரம்தான் தப்பு. அதே குழந்தையை அதே கோயிலுக்குக் காலை ஆறரை மணிக்கு அழைத்துப் போயிருந்தால், திரும்பி வரவே மனம் வந்திருக்காது.

டெல்டாப் பகுதியில் சின்னக் குழந்தைகளோடு வெளியே கிளம்பும்போது இரண்டு கடிகாரங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று வெயிலின் கடிகாரம். இன்னொன்று ஆற்றின் கடிகாரம். இந்த இரண்டும் சரியாக இருந்தால் செலவும் குறைவு, அலைச்சலும் குறைவு.

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும்

மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அரை நாளில் ஓர் இடமே அதிகம். நாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

• காலை 6 முதல் 10 மணி வரை: கோயில், வயல், ஆற்றங்கரை போன்ற திறந்தவெளி இடங்கள்.
• பகல் 10 முதல் 4 மணி வரை: அருங்காட்சியகம் போன்ற கூரைக்குக் கீழான இடங்கள், இல்லாவிட்டால் வீடு. பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் இறங்கவே வேண்டாம்.
• மாலை 4 மணிக்கு மேல்: பூங்கா, கோயில், கடைத்தெரு.

காலையில் பெரிய கோயில்

கட்டணம் கிடையாது. நடை அதிகாலையில் திறந்து, பகலில் சாத்தி, மாலை நான்கு மணிக்கு மறுபடி திறக்கும். முதலாம் இராசராசன் கட்டி 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற கோயில், 1987-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது, விமானம் ஏறக்குறைய 216 அடி உயரம். இதெல்லாம் பெரியவர்களுக்கான செய்தி. ஐந்து வயதுக் குழந்தைக்கு 216 அடி என்றால் ஒன்றும் புரியாது. அதற்குக் கண்டுபிடிக்க ஏதாவது வேலை கொடுங்கள்.

முதல் வேலை, நிழலைத் தேடுவது. 'இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது' என்று சிறு வயதில் நாம் எல்லோருமே கேட்டிருப்போம். வெயில் சாய்ந்திருக்கும் காலையிலோ மாலையிலோ குழந்தையோடு பிராகாரத்தில் நின்று பாருங்கள். நிழல் நன்றாகவே விழுகிறது. 'பெரியவங்க சொன்னாலும் நாமளும் ஒரு தடவை பார்த்துக்கணும்' என்ற பாடத்தைக் குழந்தை அன்றைக்குக் கற்றுக்கொள்ளும்.

இரண்டாவது வேலை, எழுத்தைத் தேடுவது. சுவரின் கீழ்ப்பகுதியில் கல்வெட்டுகள் வரிவரியாக ஓடுகின்றன. கோயிலுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கெல்லாம் அதில் இருக்கிறது. அ, ஆ படிக்கத் தொடங்கிய குழந்தைக்கு, தெரிந்த எழுத்து போல ஏதாவது கண்ணில் பட்டாலே கொண்டாட்டம்தான். கையால் சுரண்டாமல் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஒரே கல்லில் செய்த, சுமார் 12 அடி உயர நந்தி. நாயக்கர் காலத்தில் செய்தது. அது வளர்ந்துகொண்டே போனதாக ஊரில் ஒரு கதை உண்டு. கதையைச் சொல்லிவிட்டு, 'கல் வளருமா?' என்று கேளுங்கள். பதிலைக் குழந்தையே சொல்லட்டும்.

ஒன்பது மணிக்கு மேல் கல் தரை சூடேறத் தொடங்கும். பையில் ஒரு ஜோடி பருத்திக் காலுறை இருக்கட்டும்.

பகலில் அரண்மனை

நாயக்கர்களும் பிறகு மராட்டியரும் இருந்து ஆண்ட அரண்மனை வளாகம் பெரிய கோயிலிலிருந்து கூப்பிடு தூரம்தான். கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் வரிசையாக நிற்கின்றன. 'இங்கே எத்தனை நடராசர்? எண்ணிச் சொல்' என்று விட்டால் அரை மணி நேரம் போவதே தெரியாது. அதே வளாகத்தில் உள்ள பெரிய திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்த குழந்தை, ஊருக்குப் போய் முதலில் சொல்வது அதைப் பற்றித்தான்.

சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்தில் ஓலைச்சுவடிகளைப் பார்க்கலாம். காகிதம் இல்லாமல் எப்படி எழுதினார்கள் என்று காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. இரண்டாம் சரபோசி மன்னர் (ஆட்சிக்காலம் 1798–1832) இந்த நூலகத்தைப் பெருக்கியவர். அவர் காலத்தில் கண் நோயாளிகளுக்குப் பார்த்த சிகிச்சையைக் கண்ணின் படங்களோடு எழுதி வைத்திருக்கிறார்கள்.

இங்கே நுழைவுக் கட்டணமும் வார விடுமுறையும் உண்டு. கிளம்பும் முன் ஒரு முறை விசாரித்துக்கொள்ளுங்கள். பூட்டிய கதவின் முன்னால் நின்று குழந்தைக்குச் சமாதானம் சொல்வது பெரிய வேலை.

வீட்டில் இருக்கும் பகலுக்கு ஒரு பொம்மை

கடைத்தெருவில் தலையாட்டி பொம்மை ஒன்று வாங்கி வாருங்கள். புவிசார் குறியீடு பெற்ற தஞ்சைப் பொருள்களில் இதுவும் ஒன்று. எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கிறதே, ஏன்? அடிப்பாகம் உருண்டை, எடை முழுவதும் அதில்தான் இருக்கிறது. சாய்க்கும்போது அந்த எடை மேலே எழும்புகிறது, கையை விட்டதும் கீழே இறங்கி பொம்மையை நிமிர்த்திவிடுகிறது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பழைய பிளாஸ்டிக் பந்து ஒன்றைப் பாதியாக வெட்டி, அடியில் களிமண்ணை அப்பி, மேலே காகிதத்தில் கூம்பு செய்து ஒட்டுங்கள். களிமண்ணை நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்தால் பொம்மை கோணலாக நிற்கும். ஏன் என்று குழந்தையிடமே கேளுங்கள்.

கொஞ்சம் தூரம் போகலாம் என்றால்

தாராசுரம்: தஞ்சாவூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் கும்பகோணம், அதன் பக்கத்தில் தாராசுரம். இரண்டாம் இராசராசன் காலத்துக் கோயில், 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல் சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர் போன்ற மண்டபம் இருக்கிறது. ஒரே தலை, ஒரு பக்கம் கையால் மறைத்தால் காளை, மறு பக்கம் மறைத்தால் யானை என்று ஒரு சிற்பமும் உண்டு. அதைக் குழந்தைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

மனோரா: பட்டுக்கோட்டைக்கு அப்பால் கடற்கரையில், சரபேந்திரராசன்பட்டினத்தில் இருக்கும் அறுகோணக் கோபுரம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகச் சரபோசி மன்னர் கட்டியது. எதிரே உள்ள பாக் நீரிணையில்தான் 2022-இல் அரசு அறிவித்த, 448 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கடற்பசு பாதுகாப்பகம் இருக்கிறது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதல் காப்பகம் இது. கரையில் நின்றால் கடற்பசு கண்ணில் படும் என்று குழந்தைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 'நம்ம வயல்ல மாடு மேயற மாதிரி, இந்தக் கடலுக்கு அடியில புல் மேயற பசு இருக்கு' என்று சொன்னாலே போதும்.

பயணமும் செலவும்

• அரசு நகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டிகளில் மகளிருக்குக் கட்டணமில்லை. இது 2021 முதல் நடைமுறையில் உள்ளது.
• அரசுப் பேருந்துகளில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சீட்டு வேண்டாம். அதற்கு மேல் 12 வயது வரை அரைக் கட்டணம்.
• ரயிலிலும் ஐந்து வயதுக்குள் இலவசம். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்குச் சாதாரண ரயிலில் போவதே குழந்தைக்கு ஒரு சுற்றுலாதான். முன்பதிவில்லாச் சீட்டை ரயில்வே செயலியிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

செல்பேசியில் இவை இருக்கட்டும்

• கிளம்பும்போது, அன்று போட்டிருக்கும் உடையோடு குழந்தையை ஒரு படம் எடுங்கள். கூட்டத்தில் காணாமல் போனால் 'நீலச் சட்டையா, பச்சைச் சட்டையா' என்று தடுமாற வேண்டாம். உங்கள் எண்ணை ஒரு சீட்டில் எழுதி, குழந்தையின் சட்டைப் பையிலும் போடுங்கள்.
• எண்கள்: அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, குழந்தைகள் உதவிக்கு 1098, மருத்துவ ஆலோசனைக்கு 104, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.
• தமிழ்நாடு அரசின் 'டிஎன் அலர்ட்' செயலியில் வானிலை எச்சரிக்கைகள் தமிழில் கிடைக்கும். இடி, மின்னலுக்கு 'தாமினி' செயலி. கோடை மாலையில் திடீரென இடித்தால் வயலிலும் மரத்தடியிலும் நிற்காதீர்கள்.

வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024-இல் மாநிலப் பேரிடராகவே அறிவித்திருக்கிறது. அதனால் 'லேசான மயக்கம்தானே' என்று விட்டுவிட வேண்டாம். குழந்தை சோர்ந்து படுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காவிட்டாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ 108. பையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு வைத்திருங்கள். மோர், இளநீர், நுங்கு எல்லாம் நல்லது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே, அடிக்கடி கொடுங்கள். நிறுத்திய காருக்குள் குழந்தையை 'அஞ்சு நிமிஷம்தான்' என்றுகூடத் தனியே விடக் கூடாது.

காய்ந்த ஆறு, வந்த ஆறு

இனி ஆற்றின் கடிகாரம். மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர இன்னும் சில நாள்கள் ஆகும். அதற்குள் பள்ளி திறந்துவிடும். ஆக, கோடை விடுமுறையில் குழந்தை பார்ப்பது பெரும்பாலும் மணல்தான். 'ஆத்துல தண்ணி எங்கேப்பா?' என்று அது கேட்கும்.

கேட்கட்டும். தஞ்சாவூரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் உள்ள கல்லணைக்கு ஒரு காலை அழைத்துப் போங்கள். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரியும் இடத்தைத் தண்ணீர் இல்லாதபோது தெளிவாகப் பார்க்கலாம். கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த அணைக்கு மணலில் எப்படி அடித்தளம் போட்டார்கள்? கடற்கரையில் அலையில் நிற்கும்போது காலுக்கடியில் மணல் அரித்து, கால் உள்ளே போகுமல்லவா? அதேபோல ஆற்றில் போட்ட பெரிய கல்லின் அடியில் நீர் மணலை அரிக்கும், கல் கீழே இறங்கும். அதன் மேல் இன்னொரு கல். அடியில் உறுதியான தரை கிடைக்கும்வரை இப்படியே அடுக்கியிருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் அறுவடை முடிந்த வயல்களைப் பாருங்கள். ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். ஆட்டுப் புழுக்கைதான் அடுத்த பயிருக்கு உரம். கிடைக்காரரிடம் கேட்டால் குட்டியைத் தூக்கிக் காட்டுவார்.

ஆனால் ஒன்று. மேட்டூர் அணை தேதி பார்த்து மட்டும் திறப்பதில்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. ஆகவே ஆற்று மணலில் குழந்தையை விளையாட விடும் முன், தண்ணீர் திறப்புச் செய்தியைப் பாருங்கள். உள்ளூர்க்காரர் ஒருவரையும் கேளுங்கள். மேலும் இவற்றை மறக்க வேண்டாம்:

• காய்ந்த ஆற்றிலும் பாலத் தூண்களையும் மதகுகளையும் ஒட்டி ஆழமான மடு இருக்கும். மணல் அள்ளிய குழிகளிலும் தண்ணீர் தேங்கியிருக்கும். பார்த்தால் முழங்கால் ஆழம், இறங்கினால் ஆளை முழுங்கும்.
• தண்ணீர் அருகில் இருக்கும்வரை குழந்தை உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். செல்பேசி அப்போது பைக்குள் இருக்கட்டும்.
• யாராவது மூழ்கினால், நீச்சல் தெரியாதவர் குதிக்கக் கூடாது. கயிறு, வேட்டி, துப்பட்டா, மூடிய காலித் தண்ணீர் கேன், கையில் கிடைத்ததை வீசுங்கள். சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள். 112-க்கு அழையுங்கள்.

தண்ணீர் வந்த செய்தி கேட்டதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே இடத்துக்குக் குழந்தையை மறுபடி அழைத்துப் போங்கள். கல்லணை தூரம் என்றால் உங்கள் ஊர்ப் பாலமே போதும். மே மாதம் எங்கே நின்று படம் எடுத்தீர்களோ அங்கேயே, பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, இன்னொரு படம் எடுங்கள். ஒன்றில் மணல், ஒன்றில் ஆறு. குழந்தையின் கையில் இரண்டு பூ கொடுத்தால் புதுத் தண்ணீரில் போடும். நம் ஊரில் ஏன் ஜூன் மாதத்துக்காக எல்லோரும் காத்திருக்கிறோம் என்று அதற்கு அப்போது புரியும்.