எடை குறைந்தவர்களின் பெல்ட்

மல்யுத்த டிரம்ப் கார்டு விளையாடிய எவருக்கும் தெரியும், 'எடை' என்று கேட்டால் பெரிய உடம்புக்காரன் கார்டுதான் ஜெயிக்கும். அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த மேடையிலும் வெகுகாலம் இதே கதைதான். ஆனால் எடை கூடிவிட்டால் போட்டியிடவே முடியாத ஒரு பெல்ட்டும் அங்கே இருந்தது. அதன் வரலாற்றைத்தான் சொல்லப்போகிறேன்.

ஜப்பானிலும் மெக்சிகோவிலும் எடை குறைந்த வீரர்களுக்கு முன்பே நல்ல மரியாதை உண்டு. அமெரிக்காவில் டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனம் 1991 அக்டோபரில் லைட் ஹெவிவெயிட் பட்டத்தைத் தொடங்கியது. முதல் சாம்பியன் பிரையன் பில்மேன். அது ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1996 மார்ச்சில் 'குரூசர்வெயிட்' என்ற பெயரில் புதிய பட்டம் வந்தது. ஜப்பானின் நகோயா நகரில் ஷின்ஜிரோ ஒட்டானி அதை முதலில் வென்றார்.

'அட, எல்லாம் பேசி வைத்த நாடகம்தானே?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. முடிவு பேசி வைத்ததுதான். ஆனால் பேசி வைத்து விழுந்தாலும் அடிபடுவது முதுகுதானே!

1997 அக்டோபர் 26, லாஸ் வேகாஸ். சாம்பியன் எட்டி குரேரோவை எதிர்த்து நின்றவர் 5 அடி 6 அங்குல ரே மிஸ்டீரியோ. தோற்றால் முகமூடியைக் கழற்ற வேண்டும். மெக்சிகோ மல்யுத்த மரபில் முகமூடி போனால் மானமே போன மாதிரி. கடைசியில் குரேரோ மூலைக் கம்பத்தின் உச்சியிலிருந்து அவரைத் தூக்கி வீசப் பார்த்தார். மிஸ்டீரியோ கால்களால் கழுத்தைக் கவ்விப் பின்பக்கமாகச் சுழன்றார். மெக்கானிக்ஸ் பாடத்தில் படிக்கும் 'மொமென்ட்' கண்ணெதிரே நடந்தது! எதிராளியின் எடையே எதிராளியைக் கவிழ்த்தது. முகமூடியும் பிழைத்தது, பெல்ட்டும் வந்தது.

2001-ல் டபிள்யூ.சி.டபிள்யூ. விலைபோனது. பெல்ட், இன்று டபிள்யூ.டபிள்யூ.இ. எனப்படும் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2007 ஜூலையில் நகைச்சுவைப் பாத்திரமாக வந்த ஹார்ன்ஸ்வாகிளுக்கு அந்தப் பெல்ட்டைக் கொடுத்தார்கள். குற்றம் அவருடையதல்ல, பட்டத்தையே விளையாட்டாக எடுத்துக்கொண்டவர்களுடையது. 2008 மார்ச்சில் அதை மூட்டை கட்டிவிட்டார்கள். 2016-ல் 205 பவுண்டு, அதாவது சுமார் 93 கிலோ வரம்போடு புதிய குரூசர்வெயிட் பட்டம் வந்தது. அதுவும் 2022 ஜனவரியில் வேறொரு பட்டத்தோடு இணைந்து மறைந்தது.

பெல்ட் போனாலும் அதைச் சுமந்தவர்கள் போய்விடவில்லை. குரேரோ 2004-லும் மிஸ்டீரியோ 2006-லும் பெரிய உடம்புக்காரர்களுக்கே உரியதாக இருந்த உலகப் பட்டங்களை வென்றார்கள். சின்னப் பட்டம் அவர்களைச் சின்னவர்களாக்கவில்லை. அவர்களால்தான் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு வந்தது.

'டிப்ளமோதானே!' என்று யாராவது நம்மிடம் இழுத்தால், நண்பர்களே, இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், லேத்தின் முன்னால் நிற்கும்போது நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.