இணைப்பு அறுந்ததா, அறுந்துகொண்டிருக்கிறதா?

டிஸ்க் ஒரு கணினியில், அதைப் பயன்படுத்தும் நிரல் வேறொரு கணினியில் என்பது டேட்டா சென்டர்களில் இன்று சாதாரணம். தொலைவில் உள்ள டிஸ்கைப் பக்கத்தில் இருப்பதுபோலவே காட்டுவது லினக்ஸ் கெர்னலின் என்விஎம்இ-டிசிபி டிரைவர். 2019 மார்ச்சில் லினக்ஸ் 5.0-உடன் வந்தது.

அனுப்பிய கோரிக்கைக்கு வழக்கமாக 30 நொடி காத்திருப்பார்கள். பதில் இல்லை, இணைப்பும் ஏற்கெனவே தடுமாறுகிறது என்றால், டிரைவர் இணைப்பை நிறுத்திவிட்டுக் கோரிக்கையை முடித்துவைக்கும். அதாவது, இதற்கென ஒதுக்கிய நினைவகத்தை இனி வேறு யாருக்கும் கொடுக்கலாம் என்று மேலே சொல்லிவிடும்.

ஒரே இணைப்பில் பல டிஸ்க் பகுதிகளின் கோரிக்கைகள் போகும். அவற்றில் இரண்டுக்கு ஒரே நேரத்தில் கெடு முடிந்தால், நிறுத்தும் வேலையை இருவர் ஒன்றாகத் தொடங்குவார்கள். முதலாமவர், ‘இணைப்பு உயிரோடு இருக்கிறது’ என்ற அடையாளத்தை அழித்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் பரிமாற்றத்தை நிறுத்தப் போகிறார். அதற்குச் சற்று நேரம் பிடிக்கும். இரண்டாமவர் வந்து பார்க்கிறார். அடையாளம் இல்லை. நின்றுவிட்டது என்று நம்பித் தன் கோரிக்கையை முடித்துவிடுகிறார். பரிமாற்றமோ இன்னும் அதே நினைவகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மின்கம்பத்தில் எச்சரிக்கைப் பலகையைக் கழற்றியதைப் பார்த்து, ஃபியூஸ் பிடுங்குவதற்குள் கம்பியில் கை வைப்பது போன்றது இது. இதைத்தான் ரேஸ் கண்டிஷன் என்கிறார்கள். ஆயிரம் முறை சோதித்தாலும் அகப்படாமல் போகலாம்.

2021-இல் வந்த திருத்தம் சில வரிகள்தான்: இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு. முதலாமவர் முடிக்கும்வரை இரண்டாமவர் வாசலில் நிற்பார்.

இப்படியொரு பேட்சைச் சரிபார்ப்பவர் மாறிய வரிகளை மட்டும் படித்தால் போதாது. இந்த நொடியில் இங்கே வேறு யார் வரக்கூடும் என்று ஒவ்வொரு வரியிலும் கேட்க வேண்டும். என் கணக்கில் வேலையின் பெரும்பகுதி அதுவே. பூட்டுக்காக இந்த இடத்தில் தூங்கலாமா? டைம்அவுட் வேலை தனி இழையில் ஓடுவதால் தூங்கலாம். பூட்டை வைத்திருப்பவர், அதே பூட்டுக்குக் காத்திருக்கும் இன்னொருவரை எதிர்பார்த்து நின்றுவிடுவாரா? இதைக் கண்காணிக்க 2006-இலிருந்தே கெர்னலில் லாக்டெப் என்ற கருவி இருக்கிறது.

இன்னொன்று, பார்வையிலிருந்து எளிதில் தப்புவது. பழைய நிரலில், அடையாளம் இல்லையென்றால் உடனே திரும்பிவிடு என்று ஒரு வரி இருந்தது. அதன் தலைமேல் பூட்டை மட்டும் வைத்திருந்தால், இரண்டாமவர் பூட்டைத் திறக்காமலே வெளியேறியிருப்பார். அடுத்து வருபவர் என்றென்றும் வாசலில்தான். திருத்தம் அந்த நிபந்தனையைத் திருப்பிப் போட்டது: அடையாளம் இருந்தால் நிறுத்து, இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூட்டைத் திற.