நோயறியுமுன் ஊரறிதல்



சில ஆண்டுகளுக்கு முன், ஊரிலிருந்து வந்திருந்த என் தாயாரை இங்குள்ள ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். ‘நெஞ்சைக் கரிக்கிறது’ என்றார் அவர். நானோ பதற்றத்தில் அதனை இந்தியில் ‘நெஞ்சு வலிக்கிறது’ என்று கூறிவிட்டேன். உடனே இதயப் பரிசோதனைகள் தொடங்கின. உணவு செரியாமையால் வந்த எரிச்சலே அது என மாலையில்தான் தெரிந்தது. தமிழாசிரியராகிய நான் செய்த பிழை இது! பாட்டிக்கும் மருத்துவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்கும் உங்களுள் பலருக்கும் இவ்விடர் புதிதன்று.

நோயாளியின் சொல்லையும் வாழ்வையும் அறியாமல் நோயை அறிதல் அரிது. இதனை வருங்கால மருத்துவர்க்குக் கற்பிப்பது எவ்வாறு? மகாராட்டிர மாநிலம் வார்தாவை அடுத்த சேவாகிராமத்தில் ஒரு வழி கண்டுள்ளனர். காந்தியடிகள் 1936 முதல் வாழ்ந்த ஊர் அது. அடிகளின் மருத்துவராக விளங்கிய சுசீலா நய்யார், 1969இல் அங்கு மகாத்மா காந்தி மருத்துவ அறிவியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அதில் சேரும் மாணவர்கள் முதலில் 15 நாள்கள் காந்தி ஆசிரமத்தில் தங்குகின்றனர். பின்னர் ஒரு சிற்றூரில் 15 நாள் முகாம். ஒவ்வொருவரிடமும் சில குடும்பங்கள் ஒப்படைக்கப்படுகின்றன. முகாம் முடிந்த பின்னரும் அக்குடும்பங்களை அவர்கள் தொடர்ந்து சென்று காண்கின்றனர்.

வார்தா, பருத்தி விளையும் பகுதி. பருத்தி எடுக்கச் செல்லும் பெண்ணிடம் ‘நாளைக் காலை பத்து மணிக்கு மருத்துவமனைக்கு வா’ என்பது எளிது. அவளுக்கோ அது ஒருநாள் கூலியின் இழப்பு. இரத்தசோகை உள்ளவளிடம் ‘கீரையும் பழமும் மிகுதியாக உண்க’ எனக் கூறுமுன், அவள் அடுக்களையில் என்ன இருக்கிறது, அவ்வீட்டில் கடைசியாக உண்பவர் யார் என்று கேட்டறிதல் வேண்டும். மாமியார் முன்னிலையில் மருமகள் தன் நோயை முழுமையாகக் கூறமாட்டாள் என்பதையும் பலமுறை அவ்வீட்டுக்குச் சென்று பழகியவரே உணர்வர்.

2022 முதல், நாடெங்கும் இளநிலை மருத்துவக் கல்வியில் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் இடம்பெற்றுள்ளது. பதிவேட்டை நிரப்பும் சடங்காக அது சுருங்கிவிடுமோ என்னும் ஐயமும் எனக்கு உண்டு.

பயிற்சி: கிறுகிறுப்பு, வாய்வுப்பிடிப்பு, கைகால் உளைச்சல், நெஞ்சு கரித்தல் - இவற்றின் பொருளை வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிக. நீங்கள் வாழும் பகுதியின் மொழியில் மருத்துவரிடம் இவற்றை எவ்வாறு கூறுவீர்கள்? எழுதி வருக.