கிழித்துப் பார்த்தால் தெரியும்

பழைய பேப்பர் கடையில் செய்தித்தாளுக்கு ஒரு விலை, நோட்டுக்கு ஒரு விலை, அட்டைப்பெட்டிக்கு ஒரு விலை. எல்லாம் காகிதம்தானே என்று தோன்றும். ஆனால் விலை உள்ளே இருக்கும் நாருக்குத்தான். செய்தித்தாளில் மரத்தை அப்படியே அரைத்த கூழ் நிறைய உண்டு. அதிலுள்ள லிக்னின் என்ற பொருள்தான் வெயில் பட்டால் தாளை மஞ்சளாக்குகிறது. நோட்டுத் தாளில் லிக்னினை ரசாயனத்தால் நீக்கி வெளுத்திருப்பார்கள். பழுப்பு அட்டையின் நார் வெளுக்காதது. வெள்ளைத் தாளை அட்டையாக்கலாம். அட்டையை வெள்ளைத் தாளாக்குவது லேசில் நடக்காது. மறுசுழற்சியின் ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகி வலுவிழப்பதால், நல்ல நாரை முதலிலேயே அட்டைக்குத் தள்ளிவிடுவது நஷ்டம்.

தாளை நாம் ஏன் வீட்டில் பிரிக்க வேண்டும், காகித ஆலையில் எந்திரம் இருக்கிறதே, அங்கே பிரித்துக்கொள்ளட்டும் என்று கேட்கலாம். எந்திரம் நிறையவே செய்கிறது. ராட்சத மிக்ஸி போன்ற தொட்டியில் தாளைத் தண்ணீரோடு சுழற்றிக் கூழாக்கும்போது ஸ்டேப்ளர் பின்னும் மணலும் எடையால் ஒதுங்கிவிடும். பின்னைப் பிடுங்கிக்கொண்டு உட்கார வேண்டியதே இல்லை. சோப்பு கலந்த கூழில் காற்றை ஊதினால் மை குமிழிகளில் ஒட்டி நுரையாக மேலே வரும், வழித்தெடுத்துவிடலாம். கரூர் மாவட்டத்தில் உள்ள டிஎன்பிஎல் காகித ஆலையில் மை நீக்குவதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஆனால் வெள்ளைக் கூழில் கலந்த பழுப்பு நாரை எந்தச் சல்லடையும் பிடிக்காது, இரண்டும் நார்தான். புத்தக முதுகுப் பசையும் டேப் பசையும் இன்னும் மோசம். சூட்டில் இளகிச் சல்லடையைத் தாண்டிப்போய், உருளைகளில் ஒட்டி, ஓடும் தாளைக் கிழிக்கும்.

கடைக்காரர்தான் பிரிக்கிறாரே என்றால், உண்மைதான், நன்றாகவே பிரிக்கிறார். ஓரத்தைக் கிழித்துப் பார்த்தாலே போதும்: வெறும் தாள் பஞ்சுபோலப் பிரியும், லேமினேஷன் செய்தது ஜவ்வாக இழுபடும். பரிசுப் பொட்டலத்தின் மினுமினுப்புத் தாளைக் கசக்கி விட்டால் மறுபடி விரிந்துகொள்ளும். அதையும் தள்ளிவிட வேண்டியதுதான். ஆனால் அவர் கைக்கு வருவது காய்ந்த தாள் மட்டும். குப்பைத் தொட்டியில் சாம்பாரில் ஊறியதை அவராலும் காப்பாற்ற முடியாது, எண்ணெய் கூழை விட்டுப் போகாது. காகிதக் கப்பின் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு. கடை பில்லிலோ ரசாயனப் பூச்சு. இரண்டும் பேப்பர் கட்டுக்குள் வரக்கூடாது.

எழுதிய தாள், செய்தித்தாள், அட்டை என மூன்று கட்டுகளாக, நனையாத மூலையில் வையுங்கள். மிச்ச வேலையைக் கடையும் ஆலையும் பார்த்துக்கொள்ளும்.