மைதானமும் ஊரும் (12): காஞ்சி வீரன்ஸ் எங்கே போனது?

விளையாட்டு அணியின் பெயர் பெரும்பாலும் இரண்டு துண்டாக இருக்கும். முன்துண்டு ஊர், பின்துண்டு பட்டப்பெயர். அணி வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தால் முன்துண்டு தானாக உதிர்ந்துவிடும். பின்துண்டையும், அதோடு ஒட்டிக்கொண்ட நிறம், லோகோ, பழைய கோப்பைகளின் கணக்கு ஆகியவற்றையும் கூடவே எடுத்துப் போவதா, பழைய ஊரிலேயே விட்டுவிட்டுப் போவதா என்பதுதான் சிக்கல். வட அமெரிக்காவின் பனித்தள ஹாக்கியில் அரை நூற்றாண்டாக ஓடும் வழக்கு இது. தமிழ்நாட்டில் அது கிரிக்கெட் வழியாக வந்தது. சில ஆண்டுகளிலேயே கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சின்னசேலத்துக்குப் பக்கத்து மைதானம் வரைக்கும் வந்துவிட்டது.

ஹாக்கிக் கதையை அட்லாண்டாவில் தொடங்குவது வசதி. 1972-ல் அங்கே உருவான அணிக்கு ஃபிளேம்ஸ், அதாவது தீச்சுவாலைகள், என்று பெயர் வைத்தார்கள். 1864-ல் உள்நாட்டுப் போரின்போது அந்த நகரம் எரிக்கப்பட்டதன் நினைவு அது. 1980-ல் அணி கனடாவின் கால்கரி நகரத்துக்கு விற்கப்பட்டது. எரிந்தது அட்லாண்டா என்றாலும் வாங்கியவர்கள் பெயரை மாற்றவில்லை. கால்கரி எண்ணெயும் எரிவாயுவும் புழங்கும் நகரம் என்பதால் தீ அங்கேயும் பற்றிக்கொண்டது. மின்னசோட்டா நார்த் ஸ்டார்ஸ் 1993-ல் தெற்கே டெக்சாஸுக்குப் போனபோது பெயரில் இருந்த வடக்கை மட்டும் வெட்டிவிட்டு டாலஸ் ஸ்டார்ஸ் ஆனது. கியூபெக் நோர்டிக்ஸுக்கு அந்தச் சலுகையும் இல்லை. 'வடநாட்டார்' என்று பொருள்படும் அந்தப் பிரெஞ்சுப் பெயரை டென்வரில் யாருக்கும் விற்க முடியாது. 1995-ல் அது கொலராடோ அவலாஞ்ச் ஆயிற்று. போன முதல் சீசனிலேயே ஸ்டான்லி கோப்பையையும் வென்றது. கியூபெக்காரர்கள் பல ஆண்டு வளர்த்த அணி, வேறு சட்டை போட்டுக்கொண்டு கோப்பை தூக்கியதை அவர்கள் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டியிருந்தது.

வின்னிபெக் நகரத்தின் கதை இதைவிடக் குழப்பமானது. வின்னிபெக் ஜெட்ஸ் 1996-ல் பாலைவன நகரமான ஃபீனிக்ஸுக்குப் போய் கொயோட்ஸ் ஆனது. 2011-ல் அட்லாண்டாவின் இரண்டாவது அணியும் நொடித்து வின்னிபெக்குக்கு வந்தபோது, மக்கள் கேட்டார்கள் என்று அதற்கு மறுபடியும் ஜெட்ஸ் என்றே பெயர் சூட்டினார்கள். பெயர் வீடு திரும்பியது, வரலாறு திரும்பவில்லை. பழைய ஜெட்ஸின் ஆட்டக் கணக்குகள் கொயோட்ஸின் பேரேட்டிலேயே இருந்தன. அந்தக் கொயோட்ஸும் 2024-ல் அரிசோனாவை விட்டது. இந்த முறை ஆட்டக்காரர்கள் மட்டும் யூட்டாவுக்குப் போனார்கள். பெயரும் லோகோவும் வரலாறும் அப்போதைக்குப் பழைய முதலாளியிடமே தங்கின. யூட்டாவில் ஒரு சீசன் பட்டப்பெயரே இல்லாமல், வெறும் 'யூட்டா ஹாக்கி கிளப்' என்று ஆடிவிட்டு, 2025-ல் மேமத் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

நியாயமான ஏற்பாடு எது என்று கேட்டால், அது ஹாக்கியில் அல்ல, அமெரிக்கக் கால்பந்தில் கிடைக்கிறது. 1996-ல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி பால்டிமோருக்குப் போனபோது நகரமே கொதித்தது. முடிவில் பெயரும் நிறங்களும் சாதனைக் கணக்கும் கிளீவ்லாந்துக்கே சொந்தம் என்று ஒப்பந்தமானது. பால்டிமோர் போனவர்கள் புதுப் பெயர் தேடிக்கொண்டார்கள். 1999-ல் கிளீவ்லாந்தில் புதிதாகச் சேர்ந்த ஆட்டக்காரர்கள் பழைய பெயரைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். ஆளும் உரிமமும் போகலாம், பெயர் ஊரின் சொத்து என்பது அதன் சாரம்.

இந்தியாவில் அப்படி யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. இங்கே பட்டப்பெயர் முதலாளியின் சொத்து. 2013-ல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீகின் முதல் சாம்பியன் ராஞ்சி ரைனோஸ். இரண்டு ஆண்டு கழித்து ரைனோஸ் இல்லை. சஹாரா நிறுவனமும் கிரிக்கெட் வீரர் தோனியும் சேர்ந்து நடத்திய ராஞ்சி ரேஸ் அந்த இடத்துக்கு வந்து 2015 கோப்பையை வென்றது. ஊர் அதே ஊர், பெயர் மட்டும் வேறு. அதனால் ராஞ்சி நகரம் இரண்டு முறை வென்றது, ராஞ்சி அணி எதுவும் இரண்டு முறை வெல்லவில்லை. இப்போது ராஞ்சி ராயல்ஸ் என்று மூன்றாவது பெயர். இந்தியக் கால்பந்திலோ 2019-ல் டெல்லி டைனமோஸ் புவனேசுவரத்துக்குப் போய் ஒடிசா எஃப்.சி. ஆனது. 2025-ல் ஹைதராபாத் எஃப்.சி. டெல்லிக்கு வந்து ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி ஆனது. டெல்லி ரசிகர் ஒருவர் ஆறு ஆண்டில் ஓர் அணியை வழியனுப்பி, இன்னொன்றை வரவேற்றிருக்கிறார். இரண்டிலும் பழைய பெயரைக் கேட்டு யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் எட்டு அணிகளோடு தொடங்கியது. சேப்பாக்கம், திண்டுக்கல், மதுரை, கோவை ஆகிய நான்கும் இன்றும் அதே ஊர்ப் பெயரில் ஆடுகின்றன. (மதுரை மட்டும் ஊர் மாறாமலே 'சூப்பர் ஜயண்ட்ஸை' விட்டுப் 'பாந்தர்ஸ்' ஆகி, அந்தப் பெயரோடு 2018 கோப்பையையும் வென்றது.) மற்ற நான்கும் ஊர் மாறின. தூத்துக்குடியின் டூட்டி பேட்ரியாட்ஸ் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனது. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. காஞ்சி வாரியர்ஸ் திருச்சி வாரியர்ஸ் ஆகி, 2023-ல் பால்சி திருச்சி ஆகி, 2024-ல் திருச்சி கிராண்ட் சோழாஸ் ஆனது.

திருவள்ளூர் வீரன்ஸின் பயணம்தான் நீளமானது. காஞ்சி என்ற பெயர் காலியாக இருந்ததால் 2018-ல் அது காஞ்சி வீரன்ஸ் ஆயிற்று. முதல் மாற்றத்தில் வீரன்ஸ் பிழைத்துக்கொண்டது. திருவள்ளூரும் காஞ்சிபுரமும் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்கள், தூரம் பெரிதல்ல. 2021-ல் அதே உரிமம் நெல்லைக்குப் போனபோது வீரன்ஸும் விழுந்தது, நெல்லை ராயல் கிங்ஸ் என்று மாறியது. ஒரே உரிமம், ஐந்து ஆண்டில் மூன்று ஊர், இரண்டு பட்டப்பெயர்.

சில பெயர்கள் நகர்ந்தும் சில நகராமலும் போனதற்கு முதலாளியின் விருப்பத்தைத் தவிர வேறொரு காரணமும் உண்டு. அதைத் தமிழ்ப் பாடப் புத்தகத்தில் மோனை என்பார்கள். திண்டுக்கல் டிராகன்ஸ், கோவை கிங்ஸ், காரைக்குடி காளை, சேலம் ஸ்பார்ட்டன்ஸ், திருப்பூர் தமிழன்ஸ் எல்லாமே முதல் ஓசை ஒத்துவருவதற்காகக் கட்டிய பெயர்கள். ராஞ்சியின் ரைனோஸ், ரேஸ், ராயல்ஸ் மூன்றும் அப்படியே. ஊர் மாறினால் மோனை உடைகிறது. 'திருப்பூர் காளை' என்று சொல்லிப் பார்த்தால் நாக்குக்கே பிடிக்காது. ஆகவே பட்டப்பெயரும் போகிறது. பொருள் இரண்டாம் பட்சம். சேலத்துக்கும் பண்டைய கிரேக்கத்தின் ஸ்பார்ட்டாவுக்கும் 'ஸ' ஓசையைத் தவிர வேறு உறவு கிடையாது. அதற்கு முன்பு அதே உரிமம் சுமந்த 'பேட்ரியாட்ஸ்', தேசபக்தர்கள், வ.உ.சி. கப்பல் விட்ட துறைமுக நகரத்துக்கு நன்றாகவே பொருந்தியிருந்தது. காளையும் மஞ்சுவிரட்டுச் சீமைக்குப் பொருந்தியது. ஊரோடு ஒட்டிய பெயர்கள் போய், எங்கே வைத்தாலும் உட்காரும் பெயர்கள் வந்தன. திருச்சி மட்டும் எதிர்த்திசையில் நடந்தது. எங்கும் பொருந்தும் 'வாரியர்ஸை' விட்டு, சோழர்களின் உறையூரைத் தன் எல்லைக்குள் வைத்திருக்கும் நகரம் 'சோழாஸ்' ஆனது. அந்த உரிமம் நாளைக்கு வேறு ஊருக்கு விற்கப்பட்டால் அந்தப் பெயரைக் கூடவே தூக்கிக்கொண்டு போவது கடினம்.

இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. அட்லாண்டாவிலும் கியூபெக்கிலும் அணி உண்மையிலேயே குடியிருந்தது. ஆண்டுக்கு நாற்பது ஆட்டம் அந்த ஊர் அரங்கத்தில் நடந்தது. தமிழ்நாட்டு லீகின் முதல் மூன்று ஆண்டு ஆட்டங்கள் சேப்பாக்கம், நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானம், நெல்லை சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானம் ஆகிய மூன்றே இடங்களில் நடந்தன. தூத்துக்குடி அணி தூத்துக்குடியிலோ, காரைக்குடி அணி காரைக்குடியிலோ, காஞ்சி அணி காஞ்சியிலோ அப்போது ஆடவில்லை. 2021-ல் சேலம் என்ற பெயர் முதன்முதலாக ஸ்கோர் பலகையில் ஏறியபோது, கொரோனா காரணமாக எல்லா ஆட்டமும் ரசிகர்கள் இல்லாத சேப்பாக்கத்தில் நடந்தது. தூத்துக்குடியில் ஆடாத அணி, சேலத்துக்கு வராமலே சேலம் அணி ஆனது. இடம் மாறியது அணி அல்ல, பெயர்ப்பலகை. ஹாக்கியில் அணி போகும்போது பெயர் போகலாமா என்று கேட்டார்கள். இங்கே பெயர் மட்டுமே பயணம் செய்தது.

பெயருக்கு மண் கிடைத்தது அடுத்த ஆண்டுதான். வாழப்பாடி காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானம் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டிருந்தது. 2022 முதல் லீக் ஆட்டங்கள் அங்கே நடக்கின்றன. பெயரிலேயே சேலத்தை வைத்திருக்கும் சின்னசேலத்துக்கு இது பக்கம். நெடுஞ்சாலையில் மேற்கே தலைவாசல், ஆத்தூர் தாண்டினால், சேலம் டவுனுக்கு முன்பே வாழப்பாடி வந்துவிடும். விருத்தாசலம் – சேலம் ரயில் பாதையிலும் அதே வரிசைதான். சின்னசேலத்துக்காரர் ஒருவர் பகல் வேலை முடித்து ஆட்டம் பார்க்கப் போகக்கூடிய மைதானம் அதுதான். ஸ்பார்ட்டன்ஸ் தன் அணி என்று அவர் சொன்னால் அதற்குக் காரணம் பெயர் அல்ல, பஸ் வசதி.

ஆட்டக்காரர்களை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கவும் முடியாது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் பிறந்து இந்திய அணி வரை போன நடராஜன் இந்த லீகில் திண்டுக்கல், திருச்சி, திருப்பூர் அணிகளின் சட்டையைப் போட்டிருக்கிறார். ஏலம் எங்கே சொல்கிறதோ அங்கே. கிராமத்துக் கபடி இதற்கு நேர் எதிர். கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கோயில் திருவிழாவிலும் பொங்கலிலும் நடக்கும் போட்டிகளில், சென்னையிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பையன்கள் ஊருக்குத் திரும்பி, பனியனில் தங்கள் கிராமத்தின் பெயரைப் போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். குடிபெயர்ந்தவர்கள் ஆட்டக்காரர்கள், ஊரிலேயே இருப்பது அணி. அங்கே பெயரை மாற்றலாமா என்று கேட்டால் கேட்டவனைத்தான் வினோதமாகப் பார்ப்பார்கள்.

கணக்கு விவகாரம் மிச்சம். 2016-ல் முதல் கோப்பையை வென்றது டூட்டி பேட்ரியாட்ஸ். இறுதி ஆட்டத்தில் அது சேப்பாக் சூப்பர் கில்லீஸைத் தோற்கடித்தது. உரிமத்தின் வழியே பார்த்தால் அந்தக் கோப்பை சேலம் ஸ்பார்ட்டன்ஸின் முன்கதை. ஆனால் வென்றபோது பெயரில் இருந்த ஊர் தூத்துக்குடி. கிளீவ்லாந்து முறைப்படி அதைத் தூத்துக்குடி பேரில் தனியாக வைத்திருப்பதே சரி. நாளை அந்த ஊருக்கு வேறோர் அணி வந்தால் பேட்ரியாட்ஸ் என்ற பெயரோடு அதையும் எடுத்துக்கொள்ளலாம். 2025-ல் திருப்பூர் தமிழன்ஸ் முதல் முறையாகக் கோப்பை வென்றபோது யாரும் காரைக்குடியைத் தேடிப் போய் வாழ்த்தவில்லை. அது திருப்பூரின் வெற்றி என்பதில் ஒருவருக்கும் குழப்பம் இல்லை. அந்தத் தெளிவு பின்னோக்கிப் பார்க்கும்போதும் இருக்க வேண்டும்.

பெயர்ச் சிக்கலே வராமல் தப்பிக்க ஒரு வழி, ஊரை விட்டு மாநிலத்தைப் பிடித்துக்கொள்வது. 2017-ல் கபடிக்கு வந்த தமிழ் தலைவாஸும், 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீகின் தமிழ்நாடு டிராகன்ஸும் அப்படி வைத்தவை. டிராகன்ஸின் முதல் சீசன் முழுக்க ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும் நடந்தது, பெயருக்கு ஒரு சேதமும் இல்லை. 2005-ல் பிரீமியர் ஹாக்கி லீகில் ஆடிய சென்னை வீரன்ஸ் போல ஊரைக் கட்டிக்கொண்டிருந்தால் கேள்வி வந்திருக்கும். அந்த வீரன்ஸும் லீகோடு சேர்ந்து மறைந்தது. சில ஆண்டு கழித்து அதே பட்டப்பெயர் திருவள்ளூரில் கிரிக்கெட் மட்டையோடு எழுந்தது தனிக் கதை.

சின்னசேலத்துக்குப் பெயர்ப்பலகை மாறுவது புதிதல்ல. ஊர் நகரவே இல்லை. ஆனால் அது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது, 1993-ல் விழுப்புரம் மாவட்டம் ஆனது, 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆனது. அந்த மாவட்டத்தின் பெயரில் லீகில் அணி கிடையாது. விழுப்புரம், கடலூர், வேலூர், திருவண்ணாமலை பெயர்களிலும் இல்லை. திருவள்ளூர் காஞ்சிக்குப் போய், காஞ்சி நெல்லைக்குப் போன பிறகு, சேப்பாக்கத்தை விட்டுக் கிளம்பினால் தெற்கே திருச்சி, மேற்கே சேலம் வரும்வரை எந்த ஊர்ப் பெயரும் எந்தச் சட்டையிலும் இல்லை.